கிராம சபைக்குப் போகும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராம சபை தேதி நெருங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி, போன தடவை வேறொரு ஊரிலிருந்து யாரோ கேட்ட அதே சந்தேகமாகத்தான் இருக்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், ஊரிலேயே கடையோ ஒர்க்‌ஷாப்போ வைத்திருப்பவர்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எல்லாரிடமும் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் குழப்பம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு உரியவை.

கிராம சபைன்னா ஊர்ப் பெரியவங்க மரத்தடியில உக்காந்து பேசுறதுதானே?

அது ஊர்க்கூட்டம். சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. கிராம சபை அரசியலமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தால் வந்தது. அந்தத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் சபை உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம், யாராலும் நீக்கவும் முடியாது. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவார்கள். சபை கலைவதே இல்லை.

எப்பெப்போ நடக்கும்? எங்களுக்குச் சொல்லவே மாட்டேங்கறாங்களே?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாட்கள் முன்பிருந்தே உண்டு. 2022இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. ஆக, ஆண்டுக்கு ஆறு. தீபாவளி, தேர்தல், மழை என்று தேதி சில சமயம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சொல்லவில்லை என்று காத்திருக்க வேண்டாம். தேதி உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகம் போய் ஊராட்சி செயலரிடம் இடம், நேரம், பொருள் நிரல் மூன்றையும் கேளுங்கள். பொருள் நிரலை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு யாரோ ஒருவர் வந்துவிட்டுப் போனாலே அந்தக் கூட்டம் கொஞ்சம் ஒழுங்காக நடக்கும்.

எனக்கு பதினேழு வயசுதான் ஆகுது. நான் வரலாமா?

வந்து உட்கார்ந்து கேட்கலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது, உறுப்பினர் கணக்கிலும் சேர மாட்டீர்கள். 17 முடிந்திருந்தால் படிவம் 6இல் முன்கூட்டியே பெயர் பதிந்துவிடுங்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி நான்கும் தகுதி நாட்கள். 18 ஆனதும் அடுத்த தகுதி நாளில் பட்டியலில் ஏறிவிடலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கலெக்டருக்கு மனு எழுத வயது வரம்பு கிடையாது. எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று ராத்திரி சைக்கிளில் சுற்றிக் குறித்துவர உங்கள் வயசுப் பிள்ளைகளை விட்டால் ஆளில்லை. பள்ளிக்கூடப் பிரச்சினை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 2024இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்கள் அண்ணனோ அக்காவோ அங்கே போகலாம்.

நான் வெளியூர்ல வேலை பார்க்கிறேன், வோட்டு ஊர்லதான் இருக்கு. என்னால என்ன பண்ண முடியும்?

வோட்டு இருக்கும்வரை நீங்கள் உறுப்பினர்தான். ஆறு நாட்களில் இரண்டுக்கு வந்தாலே போதும், பெரும்பாலும் அரசு விடுமுறை நாட்கள். மற்ற நேரத்தில் ஊரில் இருப்பவர்களுக்கு முடியாத வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மனுவைத் தட்டச்சு செய்வது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று போன் போட்டுக் கேட்பது. ஊரில் இல்லாதவர்களிடம் ஒரு வசதி உண்டு. அவர்களை வழியில் பார்த்து, "தம்பி, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று யாரும் தோளில் கை போட முடியாது.

போனா அங்க என்னதான் நடக்கும்? ஒரு தடவை போனோம், அரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு.

பல ஊர்களில் நடப்பது இதுதான். சாமியானா பந்தல், முன்வரிசையில் பெண்கள், ஓரத்தில் பைக் மேல் சாய்ந்தபடி இளைஞர்கள். செயலர் அரசு அனுப்பிய பொருள்களைக் கடகடவென்று வாசிப்பார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஜல் ஜீவன் என்று அது ஓடும். நடுவில் டீ வரும். டீயோடு பதிவேடும் வரும். எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். பந்தலுக்கு வராதவர்கள் வீட்டுக்கும் அந்த நோட்டு போகும்.

அந்த நோட்டுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்றால், குறைவெண் வரம்பு ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அவ்வளவு பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால் உங்கள் கையெழுத்துக்கு விலை உண்டு. டீ வரும்போது போடாதீர்கள். நீங்கள் கொடுத்த பொருள் தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்ட பிறகு போடுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால், "அண்ணே, இங்க ஒரு கோடு இழுத்துருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கோபமாகச் சொன்னால் சண்டை வரும். சிரித்துச் சொன்னால் கோடு விழும்.

எழுந்து பேசக் கூச்சமா இருக்கு. பேசுனாலும் என்ன கேட்கறதுன்னு தெரியல.

பேச வேண்டியதே இல்லை. எழுதிக்கொண்டு போய் வாசித்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் எழுதுவதில் கவனம் வேண்டும். "எங்கள் ஊருக்கு அடிப்படை வசதிகள் செய்து தர வேண்டும்" என்று எழுதினால், "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்த ஒரு மனு இப்படி இருந்தது: "மேலத் தெருவில் பால் சொசைட்டி முதல் ரைஸ் மில் வரை உள்ள ஒன்பது கம்பங்களில் 3, 4, 7ஆம் கம்பங்களில் விளக்கு எரியவில்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இந்த வழியாக வருகிறார்கள். இந்த மூன்று விளக்குகளையும் மாற்ற இன்று தீர்மானம் நிறைவேற்றக் கோருகிறோம்." கீழே அந்தத் தெருவின் இருபது வீட்டுக் கையெழுத்து.

எங்கே, எத்தனை, யாருக்குக் கஷ்டம், என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் செயலருக்கே தீர்மானம் எழுதுவது சுலபம், அப்படியே பார்த்து எழுதிவிடுவார். ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். முதல் தடவை சின்னதாக, பஞ்சாயத்துப் பணத்திலேயே முடியக்கூடியதாக எடுங்கள். மூன்று விளக்கு எரிந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவே உங்களோடு வரும்.

எதைப் பஞ்சாயத்துல கேட்கணும், எதை வேற ஆபீஸ்ல கேட்கணும்? எங்க போனாலும் "இது எங்க வேலை இல்ல"ங்கறாங்க.

சில சமயம் அது சாக்கு. பல சமயம் உண்மை. குடிநீர், தெருவிளக்கு, ஊருக்குள் இருக்கும் தெருக்கள், சாக்கடை, குப்பை, மயானம் எல்லாம் கிராம ஊராட்சி. விளக்கு பஞ்சாயத்துடையது, ஆனால் சாய்ந்து நிற்கும் கம்பமும் தொங்கும் ஒயரும் மின்வாரியத்துடையவை. பட்டா, புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்றால் வி.ஏ.ஓ. வழியாக வட்டாட்சியர். ரேஷன் கடை என்றால் வட்ட வழங்கல் அலுவலர். சாலையில்தான் குழப்பம் அதிகம். ஒரே ரோட்டில் ஒரு பகுதி ஊராட்சி ஒன்றியத்துடையதாகவும் அடுத்த பகுதி நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கும்.

நீர்நிலைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் பாசனம் தரும் ஏரி, கண்மாய் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி, குட்டை ஊராட்சி. மனுவை எழுதும் முன் இதை விசாரித்துவிட்டால் ஆறு மாத அலைச்சல் மிச்சம். வேறு துறையின் வேலை என்றாலும், "இதைச் செய்யுமாறு அந்தத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று கிராம சபையில் தீர்மானம் போட எந்தத் தடையும் இல்லை. அந்தத் தீர்மான நகலோடு போனால் அந்த ஆபீஸில் உட்கார நாற்காலியாவது கிடைக்கும்.

நாங்க குடுத்த மனுவைத் தீர்மானத்துல எழுதவே மாட்டேங்கறாங்க. "அப்புறம் பார்க்கலாம், வைங்க"ங்கறாங்க.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீல், கையெழுத்து, தேதி வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே அதே மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அங்கே இரண்டு பி.டி.ஓ.க்கள், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், இருப்பார்கள். பலருக்கு இது தெரியாது. ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. உங்களுக்கு வேண்டியவர் பெயர்ப் பலகையில் "(கி.ஊ.)" என்று இருப்பவர். கிராம சபையில் மனு கொடுத்ததையும் எழுத மறுத்ததையும் தேதியோடு அவருக்கு எழுதுங்கள்.

அதற்கும் பதில் இல்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். முதலமைச்சர் உதவி மையம் 1100க்கும் போன் செய்து மனு எண் வாங்கலாம். நேராக முதல் நாளே கலெக்டரிடம் போனால் என்ன என்று கேட்பார்கள். போகலாம்தான். ஆனால் அந்த மனு சுற்றிக்கொண்டு அதே பி.டி.ஓ. மேசைக்குத்தான் வரும். கீழே கொடுத்த நகல் கையில் இருந்தால் அங்கே "மனுதாரர் எங்களை அணுகவில்லை" என்று எழுதி முடிக்க முடியாது.

தீர்மானம் போட்டுட்டா வேலை நடந்துருமா?

தானாக நடக்காது. சபை முடிந்து ஒரு மாதத்தில் ஒருமுறை, அடுத்த சபைக்கு முன்னால் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கொடுக்கும் முதல் மனு, "போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது?" என்பதாக இருக்கட்டும். இளைஞர்கள் குழு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். புது மனு கொடுக்கும் உற்சாகம் பழைய மனுவைத் துரத்துவதில் இருப்பதில்லை.

அதற்காகத் தீர்மானம் வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டலாமா என்ற வழக்கில், கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அங்கே வன உரிமைச் சட்டமும் துணைக்கு இருந்தது. நம் பக்கத்தில் மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "இந்த ஊர் வேண்டாம் என்றது" என்பதற்கு ஆதாரமாக நின்றது அந்தப் பதிவேடுதான்.

வரவு செலவு கேட்டா "நேத்துப் பொறந்த பய நீ, கணக்கு கேட்கறியா?"ன்னு தலைவர் சத்தம் போடுறார்.

கணக்கு கேட்கும் தொனியில் எல்லாமே இருக்கிறது. "எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்கிற மாதிரி கேட்டால் ஊரே அவர் பக்கம் சேர்ந்துவிடும். ஊராட்சியின் வரவு செலவு படிவம் 30இல் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும், அது நடைமுறை. "படிவம் 30ஐக் கொஞ்சம் வாசிங்கண்ணே, எங்களுக்கும் புரியட்டும்" என்றால் அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மறுத்தால் மறுப்பவருக்குத்தான் சங்கடம்.

கூட்டத்துக்கு முன்பே வீட்டுப்பாடம் செய்யலாம். 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி பெயரைப் போட்டால் வளர்ச்சித் திட்டத்தில் என்ன வேலைகள் சேர்த்திருக்கிறார்கள், எதற்கு எவ்வளவு செலவு காட்டியிருக்கிறார்கள் என்று வரும். 2021 முதல் 2026 வரையிலான ஒன்றிய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்ட பணம். அதை எடுத்துச் சாலை போடச் சொன்னால் தலைவராலும் முடியாது. அவர் "பணமில்லை" என்று சொல்வது சில நேரம் இப்படி உண்மையாகவும் இருக்கும். இன்னொரு விஷயம், தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் எடுக்க முடியும். இருவருக்கும் ஒத்துப்போகாமல் ஊர் முடங்கிய கதைகள் நிறைய உண்டு.

பேசாம ஆர்.டி.ஐ. போட்டுரலாமா?

போடலாம், ஆனால் முதல் ஆயுதமாக வேண்டாம். கேட்டால் கொடுத்துவிடக்கூடிய கணக்குக்கு ஆர்.டி.ஐ. போட்டால் அதுவரை பேசிக்கொண்டிருந்த செயலரும் பேச்சை நிறுத்திவிடுவார். கேட்டும் தராதபோது போடுங்கள். ஆர்.டி.ஐ. என்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. விண்ணப்பம் தவறான ஆபீஸுக்குப் போனாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

"ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஏன், எதற்கு என்பதெல்லாம் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். "வேலை உத்தரவு நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பில் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். பலர் பயன்படுத்தாத ஒரு உரிமையும் இதில் இருக்கிறது: நடந்த வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரி எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. போட்ட ரோட்டின் கனம் எவ்வளவு என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்க்கும் தருணம் வேடிக்கையாக இருக்கும்.

எங்க குளத்தை நாங்களே தூர்வாரலாம்னு இருக்கோம். ஜே.சி.பி. பேசியாச்சு.

முதலில் ஜே.சி.பி.யை நிறுத்துங்கள். குளம் யாருடையது என்று மேலே சொன்ன கணக்குப்படி பார்த்து, அந்தத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் மண்ணில் கை வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு லோடு மண் வெளியே போனாலும் அது மணல் திருட்டுப் புகாராக உங்கள் பெயரில் திரும்பும். உங்களைப் பிடிக்காதவர் ஒருவர் போதும். விவசாயிகள் வயலுக்கு வண்டல் எடுப்பது தனி விஷயம், அதற்கான அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கும்படி 2024இல் எளிதாக்கினார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டவும் அனுமதி வேண்டும், அந்த மரத்துக்கும் ஏலத் தொகை இருக்கிறது.

ஆக்கிரமிப்பை நீங்களாக அகற்றப் போகாதீர்கள். அதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது, அளந்து எல்லை காட்டுவது அதிகாரிகள் வேலை. வரத்து வாய்க்காலையும் மறக்க வேண்டாம். குளத்தை அழகாகத் தோண்டிவிட்டுத் தண்ணீர் வரும் வழியை அடைத்தபடியே விட்டால் பெரிய பள்ளம்தான் மிஞ்சும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் கைஃபா என்ற பெயரில் கடைமடை விவசாயிகளோடு சேர்ந்து, பேராவூரணிப் பெரிய குளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு நீர்நிலையாகச் செய்தார்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.

வேலைக்குக் காசு வசூல் பண்ணலாமா? சங்கம் பதியணுமா?

சின்ன வேலைக்குப் பதிவு தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு, ரசீது புத்தகம், வேலை முடிந்த வாரமே கோயில் சுவரிலோ டீக்கடையிலோ ஒட்டும் வரவு செலவு இருந்தால் போதும். ஒருவருடைய சொந்த ஜி.பே. எண்ணுக்கு மட்டும் பணம் வரவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச்சு வரும். தலைவரிடம் படிவம் 30 கேட்ட நீங்கள் உங்கள் கணக்கைக் காட்டாமல் இருக்க முடியுமா?

தொடர்ந்து செய்வதானால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். பெரிய வேலைக்கு "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும்.

பொண்ணுங்க நாங்க வந்தா "நீங்க எதுக்கும்மா, அப்பாவை வரச் சொல்லுங்க"ங்கறாங்க அக்கா.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஊர்த் தலைவரே பெண்ணாக இருக்கலாம், பேசுவது மட்டும் அவர் கணவராக இருக்கலாம். தனியாக வராதீர்கள். மகளிர் குழு அக்காக்களோடு சேர்ந்து உட்காருங்கள், கிராம சபையில் உண்மையில் எண்ணிக்கை அவர்கள்தான், குறைவெண் வரம்பு நிறைவது அவர்களால். உங்கள் மனுவில் முதல் பத்துக் கையெழுத்து அவர்களுடையதாக இருந்தால் "அப்பாவை வரச் சொல்" என்ற பேச்சு எழாது. தலைவர் பெண் என்றால் கேள்வியை அவரைப் பார்த்தே கேளுங்கள், கணவர் பதில் சொன்னாலும் மறுபடி அவரைப் பார்த்தே கேளுங்கள். பல பேர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

எங்க ஊர்ல கூட்டம் எப்பவும் ஊர்ப் பக்கமேதான் நடக்குது. காலனிக்காரங்க வந்தா ஓரமா நிக்கணும். இதைப் பேசலாமா?

பேச வேண்டும். பேசும் விதத்தில் எச்சரிக்கையும் வேண்டும். ஊராட்சிக்கு உட்பட்ட எல்லாக் குக்கிராமங்களிலும் சுழற்சி முறையில் கூட்டம் நடத்த வேண்டும் என்பது அரசு சொல்லும் முறைதான். "அடுத்த கூட்டத்தைக் காலனிப் பள்ளிக்கூடத்தில் நடத்தக் கோருகிறோம்" என்று மனு கொடுங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதில் கையெழுத்துப் போடுவது முக்கியம். இது இல்லாமல் காலனிப் பிள்ளைகளை மட்டும் முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பது சரியில்லை, அடி அவர்களுக்குத்தான் விழும்.

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்த முடியாமல் 2006இல்தான் நடந்தது. அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். பட்டியலினத் தலைவரை, உறுப்பினரை அவர் பணியைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், 2015 திருத்தத்தில் தெளிவாகவே சேர்த்திருக்கிறார்கள். மிரட்டல் வந்தால் ஊரில் பேசித் தீர்க்கலாம் என்று உட்காராமல் அன்றைக்கே போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

எதுக்கு இவ்வளவு அலையணும்? ஒரு வீடியோ எடுத்துப் போட்டா மறுநாளே வந்து சரி பண்றாங்களே?

உடைந்த குழாய்க்கு வீடியோ நன்றாகவே வேலை செய்யும், நானே அனுப்பச் சொல்வேன். ஆனால் வீடியோவுக்காகப் பார்க்கும் வேலை வீடியோவில் தெரியும் அளவுக்குத்தான் இருக்கும். அந்தக் குழாய் மறுபடி உடைந்தால் கேட்க உங்களிடம் தாள் இருக்காது. இரண்டையும் செய்யுங்கள், மனு முதலில், வீடியோ பிறகு. வீடியோவில் ஆள் முகம் வேண்டாம், பள்ளம் போதும்.

ஆரம்பத்துல முப்பது பேர் இருந்தோம். இப்ப மூணு பேர்தான் இருக்கோம்.

எல்லா ஊரிலும் இதே கணக்குதான். வாட்ஸ்அப் குரூப்பில் முப்பது பேர், ஒன்றிய ஆபீஸ் பெஞ்சில் மூன்று பேர். மூன்று போதும், அவர்கள் ஒரே வேலையை மூன்று பேராகச் செய்யாமல் இருந்தால். ஒருவர் ஃபைலை வைத்துக்கொள்ளட்டும், ஒருவர் ஆபீஸுக்குப் போகட்டும், ஒருவர் ஊரில் பேசட்டும். மீதி இருபத்தேழு பேரை ஆண்டுக்கு ஆறு நாள் மட்டும் கூப்பிடுங்கள். அதற்கு வருவார்கள். கல்யாணமாகிப் போகிறவர்கள், வேலை கிடைத்துப் போகிறவர்கள் இருப்பார்கள். அதனால் ஃபைல் யாருடைய வீட்டிலும் இல்லாமல் நூலகத்திலோ மன்றத்திலோ இருப்பது நல்லது.

கட்சிக்காரர்கள் உள்ளே வருகிறார்களே என்றும் கேட்பார்கள். வரட்டும், அவர்களுக்கும் வோட்டு இருக்கிறது. மனுவில் கட்சிப் பெயரும் பேனரில் தலைவர் படமும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

நாங்க பேரூராட்சியில இருக்கோம். எங்களுக்கு இதெல்லாம் கிடையாதா?

கிராம சபை கிடையாது. 2022 முதல் நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. கவுன்சிலர் தலைமையில் நடக்கும், அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பல ஊர்களில் முதல் பகுதி சபை நடந்தது. கிராம சபை அளவுக்குப் பழகவில்லை, கேட்டால்தான் நடத்துகிறார்கள். மனு, நகல், துரத்தல், ஆர்.டி.ஐ. பற்றி மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். பி.டி.ஓ. என்ற இடத்தில் செயல் அலுவலர் அல்லது நகராட்சி ஆணையர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்தான் இருக்கார். இப்ப யார்கிட்ட கேட்கறது?

அவரிடம்தான். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தபோது இப்படித்தான் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபை நின்றுவிடாது. ஒரு விதத்தில் வசதி, அவர் உள்ளூர் ஆளில்லை, கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு விதத்தில் கஷ்டம், உள்ளூர் ஆளில்லை, தெருவில் பிடிக்க முடியாது.

அப்போ நாங்களே தேர்தல்ல நின்னா என்ன?

21 வயது ஆகியிருந்தால் நிற்கலாம். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ரங்கசாமி விஞ்ஞானி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி 1996இல் தலைவரானார். அது நாடே பேசிய ஊராட்சி ஆயிற்று. நேராகத் தலைவருக்கு நிற்பதை விட வார்டு உறுப்பினராக ஒரு முறை இருந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. செலவு குறைவு, கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று உள்ளிருந்து தெரியும். கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை என்பதும் உங்களுக்குச் சாதகம்.

எங்க செட்டுல ஒருத்தன் நின்னு ஜெயிச்சுட்டான். இப்ப நாங்க கணக்கு கேட்டா "நீங்களுமாடா?"ன்னு கோச்சுக்கறான்.

கோபித்துக்கொள்ளட்டும். முந்தைய தலைவரிடம் எப்படிக் கேட்டீர்களோ அதே தாளில், அதே மரியாதையோடு கேளுங்கள். தனியாக டீக்கடையில் கேட்காதீர்கள், நட்பில் முடிந்துவிடும். சபையில் கேளுங்கள். அவனுக்கும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "மாப்ள, வர்ற கூட்டத்துல படிவம் 30ஐ நீயே முதல்ல வாசிச்சுடு, நாங்க கேட்க வேண்டிய வேலை இருக்காது." அவன் அப்படிச் செய்துவிட்டால் நீங்கள் மூன்றாம் கம்பத்து விளக்கைப் பற்றிக் கேட்கலாம், அது மறுபடி எரியாமல்தான் இருக்கும்.